தூங்கும் உடம்பின் சாட்சி

அந்த டாக்டர் கேட்ட கேள்வியை நான் மாமாவிடம் மாற்றிச் சொன்னேன்.

2004ஆம் ஆண்டு. நெகிரி செம்பிலானில் ஓர் அரசாங்க மருத்துவமனை. மாமாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கால் கட்டைவிரலில் ஒரு புண் ஆறாமலே கிடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. படித்த பிள்ளை என்று துணைக்கு அனுப்பியிருந்தார்கள். டாக்டர் இளம் வயது மலாய்க்காரர். மலாயும் ஆங்கிலமுமாகப் பேசினார். மாமா வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்காமலே நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கண் மங்குதா, கால் மரத்துப்போகுதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், 'தெனாகா பாத்தின்' எப்படி இருக்கிறது என்றார்.

நான் மாமா பக்கம் திரும்பி, "மூத்திரம் போறதுல ஏதாச்சும் சிரமம் இருக்கான்னு கேக்கறாரு மாமா" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா."

டாக்டரிடம், பிரச்சினை இல்லையாம் என்று சொன்னேன். அவர் கட்டத்தில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். வீட்டுக்கு வரும் வழியில் மாமா எனக்கு தே தாரேக் வாங்கிக் கொடுத்தார். அவர் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2011இல் மாமா தவறினார். காரியம் முடிந்த மறுவாரம் அத்தை என் அம்மாவிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "அவரால முடியலக்கா. ஒரு நாளும் முடியல." இருபத்தெட்டு வருட மணவாழ்க்கை. அந்த இருபத்தெட்டு வருடமும் எங்கள் தோட்டத்தில் அத்தைக்கு இருந்த பெயர் வேறு. அதை இங்கே எழுத வேண்டியதில்லை. பிள்ளை இல்லாத பெண்ணைத் தமிழ் என்ன சொல்லிக் கூப்பிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இந்தக் கட்டுரை ஒரு மருத்துவப் பரிசோதனையைப் பற்றியது. அத்தை இல்லாமல் அதைப் பற்றிப் பேச எனக்கு வரவில்லை.

*

விறைப்புக் குறைபாட்டுக்குக் காரணம் உடம்பா மனசா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம். ஆள் தூங்கினால் போதும்.

ஆரோக்கியமான ஆணுக்கு ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை தூக்கத்திலேயே விறைப்பு வந்து போகும். காமக் கனவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கைக்குழந்தைக்கும் வரும், தாத்தாவுக்கும் வரும். 1944இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சிலர் இது இரவு முழுக்க ஓர் ஒழுங்கான சுழற்சியில் நடப்பதைப் பதிவு செய்தார்கள். 1953இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கியும் கிளீட்மனும் தூக்கத்தில் கண்கள் வேகமாக அசையும் கட்டம் ஒன்று இருப்பதை அறிவித்தார்கள். நாம் அதிகம் கனவு காணும் கட்டம் அது. விறைப்பு வருவதும் பெரும்பாலும் அதே கட்டத்தில்தான் என்பது 1965 வாக்கில் தெளிவானது. 1970இல் துருக்கியில் பிறந்த மனநல மருத்துவர் இஸ்மெட் கராகான், இதை நோயறியும் முறையாகப் பயன்படுத்தலாம் என்றார். விழித்திருக்கும்போது முடியாதவனுக்குத் தூக்கத்தில் விறைப்பு வருகிறது என்றால் நரம்பும் இரத்தக்குழாயும் வேலை செய்கின்றன; தடை வேறெங்கோ இருக்கிறது. தூக்கத்திலும் வரவில்லை என்றால் உடம்பில் தேட வேண்டும்.

முதலில் இதற்குத் தூக்க ஆய்வுக்கூடத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. 1980இல் ஒரு மருத்துவக் கட்டுரை மிக மலிவான ஒரு வழியைச் சொன்னது: அஞ்சல்தலை. சில தலைகள் சேர்ந்த ஒரு துண்டைக் குறியைச் சுற்றி வைத்து முனைகளை நனைத்து ஒட்டிவிட்டுத் தூங்க வேண்டும். காலையில் துளை வரிசையில் கிழிந்திருந்தால் இரவில் விறைப்பு வந்திருக்கிறது. பிறகு, வெவ்வேறு அழுத்தத்துக்கு அறுந்துபோகும் பிளாஸ்டிக் பட்டிகள் வந்தன. 1985இல் 'ரிஜிஸ்கேன்' வந்தது. தொடையில் கட்டும் சின்னப் பெட்டி. அதிலிருந்து இரண்டு வளையங்கள், ஒன்று அடியில், ஒன்று நுனியில். சுற்றளவையும் உறுதியையும் இரவெல்லாம் அளந்து பதிவு செய்யும். வழக்கமாக இரண்டு மூன்று இரவுகள். நுனியில் அறுபது சதவீத உறுதி பத்து நிமிடமாவது நின்றால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள்.

(அஞ்சல்தலையை யாரும் வீட்டில் சோதித்துப் பார்த்துத் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். புரண்டு படுத்தாலும் கிழியும். எவ்வளவு நேரம் நின்றது, எவ்வளவு உறுதி என்று அது சொல்லாது.)

மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணம் நடந்தது 1983இல். அதற்கு மூன்று வருடம் முன்பே, சில சென் செலவில் இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் தேட முடியும் என்று எங்கோ எழுதியாகிவிட்டது. 1986இல் நம் மாநிலங்களுக்கென்று வந்த அஞ்சல்தலை வரிசையில் ரப்பரும் செம்பனையும்கூட இருந்தன. நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறு ஏதோவும் வருகிறது.

*

இந்தப் பரிசோதனைக்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. ஒருவனுக்கு 'முடியுமா' என்பதை நிரூபிக்கச் சொல்வது பழைய வழக்கம். பிரான்சில் பல காலம், திருமணத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்குகளில், மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் பக்கத்தில் காத்திருக்க, கணவனும் மனைவியும் கூடிக் காட்ட வேண்டியிருந்தது. 1650களின் கடைசியில் லாஞ்சே பிரபு அப்படிச் செய்துகாட்ட முடியாமல் தோற்றார். திருமணம் ரத்தானது. மறுமணம் கூடாது என்றும் சொன்னார்கள். அவரோ மறுமணம் செய்து ஏழு பிள்ளைகள் பெற்றார். இந்த அவமானத்தால் ஆட்டம்கண்ட பாரிஸ் நீதிமன்றம் 1677இல் அந்த முறையையே ஒழித்தது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே மோந்தேய்ன், கற்பனையின் வலிமை பற்றிய கட்டுரையில், நண்பனுக்கு முடியாமல் போன கதையைக் கேட்டதாலேயே தனக்கும் முடியாமல் போன ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். பயம் தொற்றிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இவற்றோடு ஒப்பிட்டால் தூக்கப் பரிசோதனை எவ்வளவு கருணையானது! காட்டு என்று அது மிரட்டுவதில்லை. யாரும் பார்ப்பதில்லை. நீ தூங்கு, உடம்பே சொல்லட்டும் என்கிறது. எனக்கு இதில் பிடித்தது இதுதான். என்னை உறுத்துவதும் இதேதான். ஆளை ஒதுக்கிவைத்துவிட்டு அவன் உடம்பிடம் மட்டும் பேசுகிறது. அவன் வாய்ச்சொல் இங்கே தேவையில்லை.

அப்படி உடம்பிடமிருந்து வாங்கிய பதிலை நாம் என்ன செய்கிறோம்?

நம் சமூகத்தில் 'உடம்புதான் காரணம்' என்றால் அவன் நோயாளி, பாவம். 'மனசுதான்' என்றால்? சும்மா நடிக்கிறான். வேறு எவளையோ நினைக்கிறான். இல்லாவிட்டால், அவன் மனசை இழுக்க இவளுக்குத் துப்பில்லை. மனசு என்று பதில் வந்த உடனே குற்றவாளியைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். தேடல் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும்.

போன வருடம் அம்மா முன்னிலையில், தயங்கித் தயங்கி, அத்தையிடம் இந்த அஞ்சல்தலை விஷயத்தைச் சொன்னேன். அறுபது வயதைத் தாண்டியவர். இப்போது சிரம்பான் பக்கம் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கேட்டார்: "காலையில கிழிஞ்சிருந்தா?"

"உடம்புல குறையில்லனு அர்த்தம் அத்தை."

"அப்போ எல்லாரும் என்னைத்தானே சொல்லியிருப்பாங்க."

மருத்துவ நூல்களில் பக்கம் பக்கமாக அலசப்படும் ஒரு சிக்கலை அவர் அரை நிமிடத்தில் தொட்டுவிட்டார். கிழியாத தலை ஒரு பெண்ணைப் பழியிலிருந்து விடுவிக்கலாம். கிழிந்த தலை அவளைத் திரும்ப அங்கேயே கொண்டுபோய்த் தள்ளலாம்.

*

உண்மையில் உடம்பா மனசா என்ற கோடே அவ்வளவு நேராக இல்லை. 1970கள் வரை பெரும்பாலான மருத்துவர்கள் மனசுதான் காரணம் என்றார்கள். அதன் பிறகு சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை, மது, நரம்புச் சேதம் என்று உடல் காரணங்கள் மேலே வந்தன. அதே சமயம், மனச்சோர்வு இருந்தால் தூக்கமே மாறும். தூக்கத்து விறைப்பும் குறையும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் அந்தக் கனவுக் கட்டத்தையே சுருக்கிவிடும். ஆக, மனசில் உள்ள துக்கம் 'உடல் கோளாறு' மாதிரி பதிவாகக்கூடும். மறுபக்கம், உடல் கோளாறில் இரண்டு முறை தோற்றவனுக்கு மூன்றாம் முறை பயமே போதும். 1998இல் சில்டெனாஃபில் வந்த பிறகு பல கிளினிக்குகளில் இந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். மாத்திரை இரண்டு பேருக்கும் வேலை செய்கிறதே. இன்று இரவுப் பரிசோதனை எல்லாருக்கும் செய்யப்படுவதில்லை. சிக்கலான சிலருக்கு மட்டும்தான்.

எங்கள் தோட்டத்தை நினைத்தால் எனக்கு மூன்றாவதாக ஒரு காரணமும் தெரிகிறது. போர்ட்டிக்சன் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் லயம். மாமா வீட்டில் ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் அடுப்படி. கூடத்தில் பாட்டியும் மாமாவின் தம்பிகள் இரண்டு பேரும் படுப்பார்கள். அறைக்குக் கதவு கிடையாது, பாட்டியின் பழைய சேலைதான் திரை. பக்கத்து வீட்டுக்கும் இந்த அறைக்கும் நடுவில் பலகைச் சுவர். அது கூரை வரைக்கும் போகாது. அந்த வீட்டில் குழந்தை இருமினால் இந்த வீட்டில் தண்ணி எடுத்துக் கொடுக்கலாம். கல்யாணமான முதல் மாதத்திலிருந்து பாட்டி தினமும் காலையில் அத்தையின் முகத்தைப் பார்ப்பாராம். பார்த்துவிட்டு எதுவும் கேட்க மாட்டாராம்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால்தான் அஞ்சு மணிக்குப் பெரட்டுக்கு நிற்க முடியும். கனவுக் கட்டம் இரவு போகப் போக நீளும். கடைசிக் கட்டம்தான் மிக நீளமானது, விடியும் நேரத்தில் வருவது. பால்மரம் வெட்டப் போகிறவனுக்கு அந்தக் கட்டம் எப்போதாவது முழுதாகக் கிடைத்திருக்குமா? ரிஜிஸ்கேனை எங்கள் லயத்தில் கட்டியிருந்தால் அது எதை அளந்திருக்கும்? உடம்பையா, மனசையா, அந்தப் பலகைச் சுவரையா, பெரட்டு மணியையா?

மாமாவுக்கு என்ன காரணம் என்று யாராலும் இனி சொல்ல முடியாது. சர்க்கரை கண்டது நாற்பத்தேழு வயதில். கல்யாணம் நடந்தது இருபத்தாறு வயதில். இடையில் உள்ள வருடங்களைப் பற்றிப் பேச அவரும் இல்லை.

நமக்குக் கிடைத்த சொற்களும் உதவவில்லை. 1992இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய ஒரு மாநாடு, பழைய ஆங்கிலச் சொல் ஆளையே சிறுமைப்படுத்துகிறது என்று சொல்லி, உறுப்பின் செயல்பாட்டை மட்டும் குறிக்கும் சொல்லைப் பரிந்துரைத்தது. தமிழ் விளம்பரங்களில் இன்னும் 'ஆண்மைக்குறைவு'தான். ஒரு இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் ஆண்மையே குறைந்துவிடுமா? வள்ளுவர் பிறன்மனை நாடாமையைப் 'பேராண்மை' என்றார். அவருக்கு அது குணம், நமக்கு அது இரத்த ஓட்டம். மலாயில் பேச்சுவழக்காக 'மாத்தி பூச்சோக்' என்பார்கள்: செத்த தளிர். தோட்டத்து ஆளுக்கு அதற்கு விளக்கமே வேண்டாம். கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னால் 'தெனாகா பாத்தின்', உள்ளாற்றல். தொங்காட் அலி காப்பி விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிப் பொட்டலங்களில் சிலவற்றில் சில்டெனாஃபில் வகை மருந்தைக் கள்ளத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு அவ்வப்போது கண்டுபிடித்து அறிவிக்கிறது. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடும் ஒருவர் அதைக் குடித்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வெட்கம் ஆளைக் கொல்லும் என்பது வெறும் பேச்சில்லை.

*

சரி, கேள்விக்கு வருகிறேன். தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளாமலே இருக்க ஒருவனுக்கு உரிமை உண்டா?

உண்டு என்றுதான் நினைக்கிறேன். உடம்பு அவனுடையது. எந்த அம்மாவும் மனைவியும் அவன் தொடையில் பெட்டியைக் கட்டி மூன்று இரவு படுக்கவைக்க முடியாது, கூடாது. லாஞ்சே பிரபுவுக்கு நடந்ததெல்லாம் யாருக்கும் நடக்கக் கூடாது.

ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதால் கடமையே இல்லை என்று ஆகிவிடாது. மாமா தெரிந்துகொள்ளாமல் இருந்ததற்கு ஒரு விலை இருந்தது, அதை அவர் கொடுக்கவில்லை. அத்தை கொடுத்தார். செவ்வாய்க்கிழமை விரதம் அவர் இருந்தார். பத்துமலைக்குப் பால்குடம் அவர் எடுத்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் முன்னால் அவர் உட்கார்ந்தார். பட்டணத்துக் கிளினிக்கில் அவரைத்தான் படுக்கவைத்துச் சோதித்தார்கள். வளைகாப்பு வீடுகளில் வாசலோடு நின்றுகொண்டதும் அவர்தான். துளியும் வலிக்காத பரிசோதனை ஆணுக்கு இருந்தது. வலிக்கிற பரிசோதனைகள் எல்லாம் பெண்ணுக்குப் போயின. நம் அறியாமைக்கு வேறொருவர் காசு கட்டிக்கொண்டிருக்கும்போது, தெரிந்துகொள்ளாமல் இருப்பது நம் சொந்த விஷயமாக இருக்க முடியாது.

'அவருக்கு எங்கே இதெல்லாம் தெரியும்? 1983இல் தோட்டத்து ஆளுக்கு எந்த டாக்டர் சொன்னார்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டமும் தூரத்தில்தான் இருந்தது. 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 70ஆவது பிரிவு, இயலாமையால் தாம்பத்தியம் நடக்காத திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது. அதற்கு அத்தை வக்கீல் பிடித்து, நீதிமன்றம் ஏறி, அந்நியர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கைநாட்டு வைக்கிற, நாள் சம்பளப் பெண்ணுக்கு எந்த ஊரில் அது நடக்கும்?

அதனால்தான் மாமா பரிசோதனை செய்துகொள்ளவில்லை என்று நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை. அவர் செய்திருக்க வேண்டியதற்குக் கருவியே தேவைப்படவில்லை. பாட்டியைக் கூப்பிட்டு, "அம்மா, குறை அவகிட்ட இல்ல" என்று ஒரு வார்த்தை. காரணம் உடம்பா மனசா என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அத்தை இல்லை என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த ஒரு வார்த்தை சொல்லப்பட்டிருந்தால் அவர்கள் இரண்டு பேரும் அந்த அறைக்குள் தங்கள் வாழ்க்கையை எப்படியோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்பு இல்லாத வீடு இல்லை அது. மாமா கால் போன பிறகு அத்தைதான் தூக்கிக் குளிப்பாட்டினார், கடைசி வரைக்கும்.

பரிசோதனை ஒருவன் தூங்கும்போது அவன் உடம்பைப் பற்றி மட்டும் சொல்லும். அது அவனுக்கும் அவன் யாரோடு படுக்கிறானோ அவருக்கும் உரிய செய்தி. பாட்டிக்கோ லயத்துக்கோ போக வேண்டிய கடிதம் இல்லை. பழியை யார் மீதிருந்து எடுக்க வேண்டும் என்பதை விழித்திருக்கும் ஆள்தான் சொல்லியாக வேண்டும்.

இதைப் படிக்கும் நீங்கள் பெரும்பாலும் இளைஞர்கள். 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அதைவிட அதிகம். குறியின் இரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை. அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும், மாரடைப்புக்குச் சில வருடங்கள் முன்பாகவே. அப்பா, மாமா, சித்தப்பா என்று யாரையாவது கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் நீங்களும் நடுவில் உட்கார்வீர்கள். அந்தக் கேள்வி வரும்.

போன வருடம் அத்தையிடம் அதையும் சொல்லிவிட்டேன். டாக்டர் கேட்டதை நான் மாற்றிச் சொன்னதை. மாமா புரியாமல் வேறு பதில் சொன்னதை. ஒருவேளை அன்றைக்கு நேராகக் கேட்டிருந்தால் ஏதாவது செய்திருப்பார்களோ என்று பல வருடமாக எனக்குள் ஓடுவதை.

அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"புரியாமயா?" என்றார். "சீனக் கடைக்காரர்கிட்ட, ஆபீஸ்ல, போலீஸ்காரன்கிட்ட, எல்லா இடத்துலயும் அவர்தானேப்பா பேசுவாரு. உன் மாமாவுக்கு மலாய் உன்னவிட நல்லா வரும்."